பீரோவுக்குப் பின்னால் கறுத்த சுவர்

சில வருடங்களுக்கு முன்பு, உப்பளம் பகுதியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாரும் அவரை, பிரெஞ்சில் ‘ஐயா’ என்பதுபோல, ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படித்தான். என் கணவருக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. எனக்கு நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

குடி போனபோது வீடு முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனை. ஐப்பசி மழை வந்து போன பிறகுதான் படுக்கையறையில் வேறு வாடை அடிக்க ஆரம்பித்தது, ஈரத்துணியைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்த மாதிரி. பீரோவை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் என் இடுப்பு உயரத்துக்குச் சுவர் கறுத்துக் கிடந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. விரலில் கரி போல ஒட்டியது. பீரோவுக்குள் மகளின் பட்டுப்பாவாடையிலும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. தீபாவளிக்கு எடுத்த பாவாடை.

மாடிக்குப் போய், “சுவத்துல ஓதம் ஏறுது முசியே, கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்றேன். வந்தார். அறைக்குள்கூட நுழையவில்லை, வாசற்படியிலேயே நின்று பார்த்தார்.

“ஜன்னலத் தொறந்து வெக்கறதில்ல. ஈரத் துணிய உள்ளயே காயப்போடறீங்க. வேற எப்படிம்மா இருக்கும்? மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லியே.”

பின்னால் நின்ற என் கணவர், “நானும் அதத்தான் சொல்றேன் முசியே, கேட்டாத்தான” என்றார். அந்த நிமிடம் வரைக்கும் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குச் சுவர் தேய்க்கும் வேலைதான். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய்ப்பேன். இரண்டு நாள் வெளுத்திருக்கும், மறுபடி கறுக்கும். மகளுக்கு இருமல் விடவே இல்லை. சிரப் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். ராத்திரியில் அவள் இருமும்போதெல்லாம் கணவர் திரும்பிப் படுத்துக்கொண்டு, “அந்த மூலைய நல்லாத் தொடச்சியா?” என்று கேட்பார். கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த காலோடு எழுந்து போய்த் துடைத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மதியம். காய்ந்துபோன சுவரைத் துடைப்பத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். மகள் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து என் புடவையைப் பிடித்தாள். பேச முடியவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது. விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. உதடு நிறம் மாறியிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முகத்தில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூச்சு அடங்கியது.

“வீட்ல ஓதம், பூசணம் ஏதாவது இருக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். “இருக்குதுங்க. இவ வேலைக்குப் போறா, வீட்டக் கவனிக்கறதில்ல.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே சொன்னார்: “தொடச்சா போவாதுங்க அது. தண்ணி எங்கேர்ந்து வருதோ அத அடைக்கணும். காஞ்ச சுவத்தச் சுரண்டாதீங்க, தூள் பறந்து இன்னும் கெடுதல். பாப்பாவ அந்த ரூம்ல படுக்க வெக்காதீங்க.”

சுத்தம் செய்யவில்லை என்று இவ்வளவு நாள் பேச்சு வாங்கினேன்; கடைசியில் நான் செய்த சுத்தமே பிள்ளையின் மூச்சை அடைத்திருக்கிறது. அங்கே அழக்கூடத் தோன்றவில்லை.

டாக்டர் சொன்னதை முசியேவிடம் சொன்னேன். “டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. புடிக்கலன்னா வேற வீடு பாத்துக்குங்க” என்றார். பார்த்துக்கொண்டோம். முதலியார்பேட்டையில் மாடியில், வெயில் நேராக அடிக்கிற சின்ன வீடு.

காலி செய்த சில நாள் கழித்து, அங்கேயே விட்டுவந்த தண்ணீர் டிரம்மை எடுக்கப் போனேன். எங்கள் பழைய படுக்கையறையில் கொத்தனார் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்த இடத்தில் மாடியிலிருந்து இறங்கும் குழாய் தெரிந்தது. பச்சை பிடித்து, சொட்டிக்கொண்டிருந்தது. முசியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரான்ஸ்லேருந்து மக வருது, பேரனோட. பேரனுக்கு மூச்சுத் தொந்தரவு இருக்குது. கீழயே தங்க வெக்கலாம்னு” என்று அவராகவே சொன்னார். பிறகு, “இந்த பாத்ரூம் பைப்பு ரொம்ப நாளாவே ஒழுவுது” என்றார், யாரோ மூன்றாம் மனிதரிடம் சொல்வது போல.

“நாங்க சொன்னப்பவும் ஒழுவிச்சா முசியே?”

அவர் கொத்தனாரைப் பார்த்து, “அந்தப் பக்கமும் நல்லா உடைச்சுப் பாரு” என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “விடு. அதான் வேற வீட்டுக்கு வந்துட்டோம்ல” என்றார். ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தையைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

மகள் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். ஆனாலும் மழைக்காலத்தில் அவள் பையில் இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கு அனுப்ப முடிவதில்லை. அந்தக் குழாயை அடைக்க ஒரு கொத்தனார் போதுமாக இருந்தது. என்னைக் குற்றம் சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்ததால்தான் என் பிள்ளை ஒரு மழைக்காலம் முழுக்க அந்தச் சுவரை மூச்சாக இழுத்தாள் என்பதை என்னால் இன்னும் செரித்துக்கொள்ள முடியவில்லை.