அண்ணன் நீட்டிய வெல்லக்கட்டி

என் பெயரைப் போடாமல் இதைப் பிரசுரிக்கும்படி பத்திராதிபரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மதுரை மில் ஒன்றில் இடுப்பு முறிந்து படுத்துவிட்ட என் அண்ணன், சிம்மக்கல் பக்கம் ஒரு பராமரிப்பு விடுதியில் இருக்கிறார். நாதியற்றவர்களுக்கு மட்டுமே அங்கே சர்க்கார் பணம் கட்டும். உறவு இருப்பது தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு ஆள் வேண்டும். என் வீட்டில் அதற்கு வழியில்லை. அதனால் தனக்கு யாருமில்லை என்று சொல்லிச் சேர்ந்தார். நான் தர்மத்துக்குக் கஞ்சி கொண்டுவருகிறவளைப் போல வில்லாபுரத்திலிருந்து போய்வருவேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பொங்கலன்று விடுதியில் எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தார்கள். நடமாடிய காலத்தில் வருஷம் தவறாமல் எனக்குச் சீர் கொண்டுவந்தவர் அண்ணன். சோதனைக்கு வந்த அதிகாரி பக்கத்துக் கட்டிலருகே நிற்பதை மறந்து, அண்ணன் தன் பங்கு வெல்லக்கட்டியை என்னிடம் நீட்டினார்.

"இந்தா தாயி, பொங்கச் சீரு. இம்புட்டுத்தான் முடிஞ்சது."

அதிகாரி திரும்பினார். "இந்தம்மா உனக்கு யாரு?"

"யாரோ கஞ்சி ஊத்துற புண்ணியவதி, எசமான். கூடப் பொறந்தவ இருந்தா நான் ஏன் இங்க கெடக்கேன்?"

என் முகத்தைப் பார்க்காமலே நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அதிகாரி நகர்ந்துவிட்டார். தப்பித்தோம்.

இப்போதெல்லாம் பொங்கலன்று நான் போவதில்லை, மறுநாள்தான் போகிறேன். அவர் தலையணைக்கடியில் வெல்லம் காத்திருக்கும். எறும்பைத் தட்டிவிட்டு, அங்கேயே நின்று தின்றுவிட்டு, வெறுங்கையோடு வெளியே வருகிறேன்.