டிராகன் என்று நம்பியிருந்த லான்யிங்

சீனாவின் காய்பெங் நகரில், கிழக்குக் கோயிலுக்குப் புதிதாக யார் வந்தாலும் சுய் லான்யிங்கிடம்தான் அனுப்புவார்கள். பஞ்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபின் யாரும் கேட்காமலே அவள் ஏற்றுக்கொண்ட வேலை, சீன ஆண்டுகளுக்கு முறைவைத்துப் பெயர் தரும் பன்னிரண்டு விலங்குகளின் ஓட்டப்பந்தயக் கதையைச் சொல்வது. மாட்டின் முதுகிலேறி எலி முதலிடம் பிடித்ததை ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். டிராகன் வரும்போதுதான் குரல் ஏறும்.

"பறக்கத் தெரிஞ்சவரு ஏன் அஞ்சாவதா வந்தாரு? வறண்ட ஊருக்கு மழை குடுத்துட்டு வந்தாரு. ஆத்துல கட்டை மேல தவிச்ச முயலை ஊதிக் கரை சேத்தாரு. அது நாலாவது! ஓசிச் சவாரி!"

லான்யிங் பிறந்தது 1964. எந்த ஆண்டுக்கு எந்த விலங்கு என்ற அட்டவணையில் அதற்கு நேரே டிராகன். அவள் சிறுமியாக இருந்த காலத்தில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று அரசு கண்டித்ததால், இந்தப் பேச்சையே வீட்டில் எடுக்க மாட்டார்கள். அட்டவணையைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டதுதான். இதோ, டிராகன் ஆண்டு மறுபடி வருகிறது. தன் விலங்கின் ஆண்டில் ஆபத்து தேடி வரும், சிவப்பு அதை விரட்டும் என்பதால் சிவப்புக் காலுறை, சிவப்பு இடைவார் எல்லாம் வாங்கியாயிற்று. புத்தாண்டன்று கோயில் விளக்கை ஏற்றுவது அந்த விலங்கின் ஆண்டில் பிறந்த அறுபது வயதுக்காரரின் உரிமை. பன்னிரண்டு வருடமாக அவள் காத்திருந்தது அதற்குத்தான். கொழுக்கட்டைக் கடை மியாவ் ஷூஃபெனும் அதே 1964தான், ஆனால் அக்டோபர். மூத்தவள் லான்யிங் என்று முடிவாகிவிட்டது.

புத்தாண்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது, செர்பியாவிலிருந்து படிக்க வந்த மிலிட்சா கோயிலில் கதையைக் கேட்டுத் துள்ளினாள். "நானும் டிராகன்தான் அத்தை! ரெண்டாயிரம், ஜனவரி இருபத்தெட்டு!"

"எல்லாரும் பண்ற தப்புடி இது. விலங்கு மாறுறது ஜனவரி ஒண்ணாம் தேதி இல்ல, நம்ம புத்தாண்டுக்கு. அந்த வருஷம் அது பிப்ரவரியில வந்துச்சு. நீ முயல்."

"ஐயோ, ஓசிச் சவாரியா? நீங்க எப்பப் பொறந்தீங்க?"

"ஜனவரி இருப..." என்று தொடங்கியவள் அட்டவணையைப் புரட்டினாள். 1964லும் புத்தாண்டு பிப்ரவரியில்தான் வந்திருந்தது. பத்து வருடமாக ஊருக்கெல்லாம் சொன்ன விதியைத் தனக்கு மட்டும் அவள் போட்டுப் பார்த்ததில்லை.

வீட்டில் கணவர் பாங் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் முயலாம்!"

"தெரியுமே. பொருத்தம் பாக்கறப்பவே உங்கம்மா எங்கம்மா காதுல சொன்னாங்க."

"யோவ் கிழவா! முப்பத்தாறு வருஷமா ஏன்யா சொல்லல?"

"டிராகன்கிட்ட போய் நீ முயல்னு யாரு சொல்றது?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் விளக்கு அவளுக்குத்தான். மிலிட்சா ஊர் திரும்பிவிடுவாள், கிழவரும் பூண்டோடு இருந்துவிடுவார். ஆனால் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் அந்த விதியைச் சொல்லியாக வேண்டுமே. ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மறுநாள் கொழுக்கட்டைக் கடைக்குப் போனாள்.

"ஷூஃபென், விளக்கை நீயே ஏத்து. நான் போன வருஷத்து ஆளு, முயலு."

ஷூஃபென் சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது. "ஓசிச் சவாரி! ஆமா, எனக்கு உயரம்னா பயம். ஏணிய யாரு புடிப்பா?"

புத்தாண்டன்று ஏணியை லான்யிங்தான் பிடித்தாள். வாங்கிய சிவப்புக் காலுறையை வீணாக்க மனமில்லாமல் போட்டிருந்தாள்.

"ஆட்டாதடி," என்றாள் மேலேயிருந்து ஷூஃபென். "அன்னைக்கு நான்தான் உன்னை ஊதிக் கரை சேத்தேன், ஞாபகம் வச்சுக்க."

கதை இப்போதும் கோயிலில் நடக்கிறது. எத்தனையோ கட்டைகள் மிதந்த ஆற்றில் சரியான கட்டையைத் தேர்ந்தெடுத்த முயலின் கூர்மையைப் பற்றி லான்யிங் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறாள். டிராகன் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.