சாமி பேரில் ஒரு வக்கீல் நோட்டீஸ்

நோட்டீஸ் வந்த அன்று நான் கொள்ளு வறுத்துக்கொண்டிருந்தேன். போத்தனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது. அதுதான் என் பொடிக் கம்பெனி. கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி, அரிசிம்பருப்புச் சாதத்துக்கு ஒரு பொடி என்று அரைத்துப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறோம். என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பக்கத்துத் தெருப் பெண்கள். கம்பெனி என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். நோட்டீஸ் அனுப்பிய வக்கீல் சிரிக்கவில்லை, கம்பெனி என்றே மரியாதையாக எழுதியிருந்தார்.

மரியாதை அதோடு சரி. பாக்கெட் மேல் இருக்கிற பெயர் என் கட்சிக்காரர் பதிவு செய்த வணிகச் சின்னம், உடனே நிறுத்து, இருக்கிற சரக்கை அழி, மன்னிப்புக் கேள் என்று ஆங்கிலத்தில் முழங்கியிருந்தார். அந்தப் பெயர் எங்கள் குலதெய்வத்தின் பெயர். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இன்னொரு நோட்டீஸ் வந்தாலும் வரும்.

கட்சிக்காரர் யாரென்று பார்த்தால், என் வீட்டுக்காரரின் பங்காளி! ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம், ஒரே குலதெய்வம், தாராபுரத்துப் பக்கம் ஒரே கோயில். எனக்குக் கொழுந்தன் முறை. அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவரும் என்னை வாய் நிறைய அப்படித்தான் கூப்பிடுவார். கொஞ்ச நாள் முன்புகூட எங்கள் வீட்டில் உட்கார்ந்து கொள்ளுப்பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, “நங்கை கைப்பக்குவம் யாருக்குங்க வரும்?” என்றார். பாசத்தில் சொல்கிறார் என்று இன்னொரு கரண்டி போட்டேன். மனிதர் சந்தை ஆய்வுக்கு வந்திருக்கிறார்.

எங்கள் சீமையில் தொழில் ஆரம்பிக்கிற யாரும் பெயருக்காக மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. முன்னால் குலதெய்வம், பின்னால் தொழில், போர்டு ரெடி. ஒரே அம்மன் பெயரில் போர்வெல் வண்டி ஓடும், கோழிப்பண்ணை நடக்கும், மில் நடக்கும், பள்ளிக்கூடமும் நடக்கும். பவானிக்குப் போகிற வழியில் அந்தப் பெயரில் ஒரு பேக்கரியைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவோம். “ஏனுங்க, நீங்க என்ன கூட்டமுங்க?” என்று கல்லாவில் இருப்பவரிடம் கேட்போம். டீ குடித்து முடிப்பதற்குள் அவர் சித்தப்பாவோ மாமனோ ஆகிவிடுவார். அதே பெயரை வைத்து ஒரு கேஸும் ஆரம்பிக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

நான் பெயர் வைத்ததும் இஷ்டத்துக்கு இல்லை. கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு வெள்ளை வந்தது. பெயரைப் பதிவு செய்துவிடலாமா என்று அப்போதே வீட்டுக்காரரிடம் கேட்டேன். “சாமியே குடுத்தபொறவு ஆபீஸ்ல போயி எதுக்குக் கேக்கோணும்?” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கொழுந்தனாருக்குப் போன் போட்டேன்.

“நங்கைங்க, கோவிச்சுக்காதீங்க. நானும் பூக் கேட்டுத்தானுங்க வச்சேன். வெள்ளைதான் வந்துச்சு.”

“எனக்கும் வெள்ளைதாங்க வந்துச்சு. அப்ப நோட்டீஸ் எதுக்குங்க?”

“நான் பூவுக்கப்பறம் ஆபீஸுக்கும் போனனுங்க.”

அதாவது, அம்மன் யார் கேட்டாலும் சம்மதம் என்று சொல்லிவிடுகிற வெள்ளந்தி. ஆபீஸ்காரர்கள்தான் விவரமானவர்கள், ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள். இவ்வளவு காலம் தப்பான இடத்தில் மனுப் போட்டுக் காத்திருந்தோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கோயமுத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். முன்னாலிருந்தே பெயரை உபயோகித்ததற்கு என்ன ஆதாரம் என்றார். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, பூக் கேட்ட கதையை முதலிலிருந்து சொன்னார். வக்கீல் நல்ல மனிதர், கடைசிவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். பழைய பாக்கெட் கவர், கடைகளுக்குப் போட்ட பில் எல்லாம் காட்டிய பிறகு, “முன்னாடியே உபயோகிச்சவங்க நீங்க. அவங்க பதிவால உங்களைத் தடுக்க முடியாதுங்க. கேஸ் நிக்காது. ஆனா நாளாகும்” என்றார்.

நாளாகும் என்பதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அதற்குள் கொழுந்தனார் தரப்பு கேஸும் போட்டு, என்னிடம் சரக்கெடுக்கிற பெரிய கடைகளுக்கெல்லாம் தகவல் அனுப்பிவிட்டது. கடைக்காரர்களுக்கு எதற்கு வம்பு? என் பாக்கெட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கி, அட்டைப்பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்த இடத்தில் அதே அம்மன் பெயரோடு அவருடைய பளபளப்பான பாக்கெட்டுகள் ஏறிக்கொண்டன. ஷெட்டில் அரவை பாதியாகக் குறைந்தது. வேலைக்கு வருகிற பெண்களிடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாருங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் நான் அழுதேன். அதுவரை எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது.

“பேரை மாத்திப்போடலாமா?” என்றார் வீட்டுக்காரர். வாங்குகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என் பொடியைக் கேட்கிறார்கள். மாற்றினால் நான் மறுபடி முதல் பாக்கெட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். “செத்தாலும் மாத்தமாட்டேன்” என்றேன்.

கோயில் பொங்கல் நெருங்கியது. அந்த வருஷம் பெரிய உபயம் கொழுந்தனாருடையது. கோயில் இளைஞர்கள் நடத்துகிற இணையப் பக்கத்தில் அழைப்பிதழைப் போட்டிருந்தார்கள். அம்மன் படம் மேலே சின்னதாக இருந்தது. கீழே கொழுந்தனார் கைகூப்பிச் சிரிக்கிற படம் தாராளமாக இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பக்கத்தையே காணோம். வணிகச் சின்ன மீறல் என்று புகார் வந்ததால் நீக்கிவிட்டார்களாம். புகார் கொடுத்தது யாரென்று தேடிப் பார்த்தார்கள். கொழுந்தனார் கம்பெனி ஒரு ஏஜென்சியை அமர்த்தியிருந்தது. இணையத்தில் அந்தப் பெயர் எங்கே தென்பட்டாலும் தூக்கச் சொல்லி உத்தரவு. ஏஜென்சிக்காரர் கடமை தவறாதவர். என் பொடியைத் தூக்கினார், அம்மனைத் தூக்கினார், கைகூப்பிய முதலாளியையும் சேர்த்தே தூக்கிவிட்டார்.

பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு யாரும் குட்மார்னிங் போடவில்லை. என் பாக்கெட்டுகள் திரும்பி வந்தபோது “பேசித் தீத்துக்கோங்க” என்று ஒதுங்கிய பெரியவர்களெல்லாம் இப்போது பொங்கி எழுந்தார்கள். எனக்கு வலித்தால் குடும்பப் பிரச்சினை, அவர்களுக்கு வலித்தால் குலப் பிரச்சினை. “ஏஜென்சிக்காரன் தெரியாமச் செஞ்சுபோட்டான்” என்று கொழுந்தனார் விளக்கம் மேல் விளக்கம் போட்டார். பொங்கல் நாள்வரை பக்கம் திரும்பி வரவில்லை.

பொங்கலன்று கூட்டம் நெரித்தது. உபயதாரர் என்பதால் கொழுந்தனார் பட்டு வேட்டியும் மாலையுமாகச் சன்னதிக்கு நேர் முன்னால் நின்றார். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் நாங்கள். பூசாரி தட்டோடு வந்து, “அர்ச்சனை யார் பேருக்குங்க?” என்று கேட்டார்.

கொழுந்தனார் கண்ணை மூடி, பெருந்தன்மையாக, “சாமி பேருக்கே பண்ணுங்க” என்றார்.

எனக்கு வாய் நிற்கவில்லை. “சாமி பேருக்குன்னா ஓனர் கிட்ட எழுதி வாங்கிக்குங்க பூசாரி. நாளைக்கு உங்களுக்கும் நோட்டீஸ் வந்துரப்போவுது” என்றேன்.

முதலில் சிரித்தது அவர் மனைவி. அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அதன் பிறகு யாரும் அடக்கவில்லை. பூசாரி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மந்திரத்தைச் சத்தமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் கொழுந்தனார் வந்தார். மாலையைக் கழற்றியிருந்தார்.

“நங்கைங்க, போனது போகட்டும். அந்தப் பேரை நீங்களும் வச்சுக்குங்க. நான் விட்டுக் குடுத்துட்டேன்.”

நோட்டீஸ் வந்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. எங்கள் சாமியை எனக்கே தானம் கொடுக்கிறார்!

“கேஸை வாபஸ் வாங்கறீங்களா?”

“வாங்கறனுங்க.”

“கடைக்காரங்களுக்கும் சொல்லிருவீங்களா?”

“சொல்லிர்றேன். அம்மன் சன்னதியில நின்னு சொல்றனே, பத்தாதுங்களா?”

என் வீட்டுக்காரர், போதும் என்று சொல்லச் சொல்லி என் கையை அழுத்தினார். கோபுரத்தைப் பார்த்தேன்.

“பத்தாதுங்க தம்பி. உங்க வக்கீல் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க.”