கார் பார்க்க அளவுநாடாவோடு போன மகாதேவி

தரையிலிருந்து தம்பிஐயாவின் முழங்கால் மடிப்புவரை பதினெட்டரை அங்குலம். மருதனார்மடத்தில் முப்பத்தொரு வருடமாகத் தையல் கடை நடத்தும் மகாதேவி, கணவரின் அந்த அளவைக் குறித்துக்கொண்டுதான் கார் பார்க்கப் போனார்.

வீட்டில் பதினொரு பேர் ஏறும் பழைய வான் நின்றது. தம்பிஐயா அதை வாடகைக்கு ஓட்டித்தான் மூன்று பிள்ளைகளையும் படிக்கவைத்தார். மகாதேவி வாகனம் ஓட்டப் பழகியதும் அதில்தான். அதைப் பற்றிக் குறை சொல்ல அவருக்கு நா எழாது. ஆனால் பாரிசவாதம் வந்து இடது கால் சோர்ந்தபின் தம்பிஐயாவால் அதில் ஏற முடியவில்லை. அயலவர் இருவர் தூக்கி ஏற்றினார்கள். மூன்றாம் முறை அவர் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“மரக்கறி மூட்டை ஏத்திறமாதிரி என்னை ஏத்தவேண்டாம். நான் வரேல்லை.”

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிழமைக்கு ஒருநாள் பயிற்சி. விட்டால் நடை திரும்பாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் இரண்டு கிழமை தவறிவிட்டது.

கார் விற்கும் சயந்தன் பெற்றோல் மிச்சமாவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, மகாதேவி குனிந்து இருக்கைக்கு நாடா பிடித்தார்.

“என்ன அன்ரி, காருக்குச் சட்டை தைக்கப்போறியளோ?”

“இல்லைத் தம்பி. கார் அவருக்கு அளவோ எண்டு பாக்கிறன்.”

இருபது அங்குலம். முழங்கால் மடிப்பைவிடச் சற்று உயரம்; எழும்ப லேசாயிருக்கும். அங்கு நின்றவற்றில் மிகச் சின்னக் கார் அதுதான். அதையே வாங்கினார்.

வீட்டு முற்றத்தில் தம்பிஐயா முதுகைக் காட்டித் திரும்பி, தானே கார் இருக்கையில் இருந்தார். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். எழும்பத்தான் முடியவில்லை. அவரது பாரத்துக்கு இருக்கை மூன்று அங்குலம் அமிழ்ந்திருந்தது. ஆள் இராத இருக்கையை அளந்தது, சுருங்கும் துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டியதுபோலத் தையல்காரி விடக்கூடாத பிழை.

மகாதேவி தன்னையே ஏசிக்கொண்டு வானுக்குள் ஏறினார். நடுவிலுள்ள மடிப்பு இருக்கையின் மெத்தையைக் கழற்றினார். எத்தனையோ பேர் இருந்து இறுகிய மெத்தை. இனி அமிழ அதில் இடமில்லை. அளவாக வெட்டி, உறை தைத்துக் காரில் போட்டார்.

மறுநாள் காலை தம்பிஐயா அந்த மெத்தையில் இருந்தபடி கார்க் கதவின் மேற்சட்டத்தைப் பிடித்தார். ஒருமுறை முன்னும் பின்னும் ஆடினார். எழுந்து நின்றார். பிறகு வான் நின்ற பக்கம் பார்த்தார்.

“உவன் இன்னும் என்னைச் சுமக்கிறான், என்னப்பா?”

“ஓம். இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து சுமக்கினம்,” என்றார் மகாதேவி. அன்று அவர் இரண்டு வாகனங்களுக்கும் திருநீறு பூசினார்.

அயலவர்கள் வரத் தேவையில்லை என்று சொல்லியாயிற்று. பயிற்சி புதன்கிழமை எட்டு மணிக்கு. ஏழே காலுக்குப் புறப்படுகிறார்கள்.