எட்டாவது ஆள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எமில் குபிசெக் வெங்காயத்தைத் தொடமாட்டார். மாலையில் சதுர நடனம், முகத்துக்கு முகம் நெருங்கி ஆட வேண்டியிருக்கிறது. அடுத்தவர் மூக்கு என்ன பாவம் செய்தது? ஜூலை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். வியர்த்த கையைப் பெண்கள் பிடிக்கும்படி விடக்கூடாது என்பது சதுர நடனக்காரர்களின் எழுதாத சட்டம். வண்டியில் மாற்றுச் சட்டை இரண்டு, பையில் எல்லோருக்குமாகப் புதினா மிட்டாய்.

வயது எழுபத்திரண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துப் பண்ணை வீடுகளுக்கு முப்பது வருஷம் எரிவாயு லாரி ஓட்டியவர். உட்கார்ந்தே கெட்டுப்போன முட்டியை இந்த ஆட்டம்தான் மீட்டுக் கொடுத்தது என்று சத்தியம் பண்ணுவார். முடிவெட்டும் இடத்தில், மளிகைக்கடை வரிசையில், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால்கூட இதே பிரசங்கம்தான்.

"சும்மா நடந்தா, கவலைப்பட்டுக்கிட்டே நடக்கலாம். இதுல அது நடக்காது. மேடையில நிக்கிறவன் அடுத்து என்ன அடி சொல்லப்போறான்னு காது அங்கேயே கெடக்கும். துக்கம் உள்ள நுழைய எடமே இருக்காது."

அவருக்கே அது முழு உண்மை இல்லை. நவம்பரில் மனைவி லியோனா இறந்துபோனார். அதன்பின் நடனச் சங்கத்தில் ஆட ஏழு பேர்தான். நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு ஜோடி என்று நின்றால்தான் சதுரம். ஆள் குறைந்தால், அந்த இடத்தைக் காலியாக விட்டு, அங்கே ஒருவர் நிற்பதாகவே வைத்துக்கொண்டு ஆடுவது இவர்கள் வழக்கம். எட்டு மாதமாக எமிலின் வலப்பக்கம் வெறும் காற்று. லியோனா குள்ளம், அதனால் எமிலின் கை தாழ்ந்தே நீளும், தாழ்ந்தே பிடிக்கும், சுற்றிவிடும். மற்ற ஆறு பேரும் அந்தக் காற்றுக்கு ஒழுங்காகக் கை கொடுத்துவிட்டுத்தான் கடந்துபோவார்கள். அதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

மேடையில் நின்று ஆட்டத்துக்குக் குரல் கொடுக்கும் டுவைன் மட்டும் சீண்டுவார். "ஏம்ப்பா எமிலு, அவ இருந்தப்ப கால மிதிச்ச. இப்ப ஒரு அடி தப்பலயே."

"இப்பத்தான் நான் சொல்றபடி கேக்குறா" என்பார் எமில். சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விடுவார். திரும்பிவரக் கொஞ்சம் நேரமாகும்.

போன செவ்வாய் நடனக் கூடத்து வாசலில் நோரின் வந்து நின்றார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல உயரம், காலில் புத்தம்புது ஷூ. "நீங்கதானே கடையில சொன்னீங்க, முட்டிக்கு நல்லதுன்னு? வீட்டுல ஒரு நாள் முழுக்க யார்கிட்டயும் பேசாம இருந்துட்டேன். அதான் வந்துட்டேன்."

எமிலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரையெல்லாம் கூப்பிட்டாரே, வருகிறவர் எங்கே நிற்பார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. கூடத்தில் இருந்தது ஒரே ஓர் இடம். எப்படி ஜோடி மாற்றினாலும் லியோனா வெளியே போக வேண்டியதுதான்.

டுவைன் ஒலிபெருக்கியின் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். நோரினுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "நான் இப்படி ஓரமா உக்காந்து பாத்துட்டுப் போறேனே" என்று நாற்காலியை இழுத்தார்.

எமில் பையில் கை விட்டு ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

"உக்காந்து பாத்தா முட்டி சரியாகாதும்மா. வாங்க."

இருவரும் சதுரத்தில் போய் நின்றார்கள். புது ஆளுக்காக டுவைன் எளிதான ஆட்டமாகத் தொடங்கினார். ஜோடியின் கையைப் பிடிக்கச் சொன்னதும் எமிலின் கை பழக்கப்படி தாழ்ந்து நீண்டது. அதைப் பிடிக்க நோரின் குனிந்தார்.

எமில் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு கையை அரைச்சாண் உயர்த்தினார்.