பதினாறு டிகிரிக்கு ஒரு காற்றாடி

நார்மன் டக்கெட் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் அறுபதடி நீளமும் ஏழடிகூட இல்லாத அகலமும் கொண்ட கால்வாய்ப் படகில் குடியேறினார். அவர் படகுக்குப் பின்னால் என் படகு கட்டியிருக்கிறது. நான் நாற்பது வருஷம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவள். எழுபத்தாறு வயது மனிதர் எதனால் படுக்கையில் விழுவார் என்று எனக்குத் தெரியும்.

போன குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. படகில் குளிர்காயும் கரியடுப்பு முன்னறையில், கட்டில் பின்முனையில். நடுவே சமையலறை, குளியலறை, இரண்டு கதவுகள். இந்த வருஷம் மகள் கில்லியன் கறாராகச் சொல்லிவிட்டாள். ஜனவரி இரண்டாம் ஞாயிறு வருவேன், கட்டில் பக்கம் பதினாறு டிகிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகராட்சி கொடுக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று.

நார்மன் போய் அடுப்புக் காற்றாடி ஒன்று வாங்கிவந்தார்.

"பாரு மேவிஸ், கரண்டே வேணாம். அடுப்பு மேல வச்சா அந்தச் சூட்டுலயே சுத்தும். சூட்டை அப்படியே கட்டில் வரைக்கும் தள்ளிடும்."

"ரெண்டு கதவு தாண்டி, வளைஞ்சு போயி, உன் போர்வைக்குள்ள பூந்துக்குமா?"

"உனக்குப் பொறாமை."

அவர் அதை அடுப்பின் முன்விளிம்பில் வைத்திருந்தார். நான் பின்பக்கம் நகர்த்தி வைத்தேன். பின்னாலிருந்து குளிர்ந்த காற்று கிடைத்ததும் வேகமாகச் சுற்றியது. முன்னறை முழுக்க இதமாக ஆனது. சமையலறையில் லேசாகச் சூடு தெரிந்தது. கட்டில் பக்கம் பன்னிரண்டு. ஒரே அறையில் வசிப்பவர்கள் இந்தக் காற்றாடியைத் தாராளமாக வாங்கலாம். கதவு தாண்டி அது ஒன்றும் செய்யாது.

நார்மன் கேட்கவில்லை. சூடான காற்று மேட்டை நோக்கித்தான் போகும் என்று யோசித்தார். படகின் பின்பக்கத்தைத் தூக்கினால் அது தானே கட்டிலுக்கு ஏறும். அதனால் முன்பக்கத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார். பதினான்கு கரி மூட்டைகளையும் முன்தளத்தில் அடுக்கினார். சனிக்கிழமை பதினான்கு டிகிரி. உற்சாகம் வந்து இரும்பு நங்கூரம், சைக்கிள், இரண்டு காஸ் சிலிண்டர் எல்லாம் முன்னால் போயின. வாணலியில் உடைத்த முட்டை ஓரமாய் ஓடிக் குவிந்தது. ஞாயிறு காலை பதினாறு!

கில்லியன் நல்ல உடல்வாகு உள்ளவள். முன்தளத்தில் கால் வைத்தாள். மழைத்தண்ணீர் வெளியே போகிற ஓட்டைகள் கால்வாய்க்குள் இறங்கின. தண்ணீர் அந்த வழியாகவே குபுகுபுவென்று உள்ளே வந்து அவள் ஷூவை நிறைத்தது.

"அப்பா! படகு முழுகுது!"

"முழுகலைடி, சாயுது. சீக்கிரம் உள்ள வா, பதினாறு இருக்கு!"

"என் கால்ல பூஜ்யம் இருக்குப்பா!"

"கத்தாம மூட்டையைத் தூக்குங்க ரெண்டு பேரும்" என்றேன். மூட்டைகளைக் கரையில் இறக்கினோம். முன்பக்கம் நிமிர்ந்தது. ஒரு மணி நேரத்தில் கட்டில் பக்கம் மறுபடி பன்னிரண்டு. கில்லியன் ஈரக் காலுறையை அடுப்பருகே காயப்போட்டுவிட்டு, "துணிமணியை எடுத்து வைங்கப்பா" என்றாள்.

நார்மன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. இல்லத்துக்கு வந்து சேருபவர்கள் முதல் நாள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

"சூடு கட்டிலுக்குப் போகலைன்னா கட்டிலைச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டியதுதானே?" என்றேன்.

"முன்னறையிலயா? கரையில நாயைக் கூட்டிட்டுப் போறவன்லாம் நான் வாயைப் பொளந்து தூங்குறதை ஜன்னல்ல பார்ப்பான்."

"திரை போடு."

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

"ஆஸ்பத்திரியில சாப்பாடு இதைவிட நல்லாருக்கும்."

சோபாவை வெளியே தள்ளினோம். கட்டிலைக் கழற்றி முன்னறையில் மறுபடி பொருத்தினோம், அடுப்பிலிருந்து நல்ல இடைவெளி விட்டு. அடுப்புள்ள அறையில் தூங்குகிறவருக்குக் காற்று போய்வர வேண்டும். துவாரங்களைப் பார்த்தேன். குளிருக்குப் பயந்து இரண்டிலும் பழைய பனியனை அடைத்திருந்தார். உருவியெடுத்து அவர் மடியில் போட்டேன். கரியடுப்பின் விஷவாயு பரவினால் கத்தும் அலாரத்தை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. பேட்டரி மாற்றிக் கட்டில் பக்கத்தில் மாட்டினேன். சாவதாயிருந்தால் இதில்தான் செத்திருப்பார், சளியில் இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

கில்லியன் தெர்மாமீட்டரைத் தலையணைமேல் வைத்தாள். துவாரங்கள் திறந்திருந்தும் பத்தொன்பது. தட்டிப் பார்த்தாள். பத்தொன்பதுதான்.

அன்றிரவு அவள் என் படகில் தங்கினாள். திங்கட்கிழமை காலை கரையில் நின்று நகராட்சிக்குப் போன் போட்டு, அந்த வீட்டை வரிசையில் அடுத்தவருக்குக் கொடுக்கச் சொன்னாள். திரைக்குப் பின்னாலிருந்து நார்மன் கத்தினார்:

"லிஃப்ட் அடிக்கடி நின்னுடும்னு அடுத்து வர்ற ஆள்கிட்ட சொல்லச் சொல்லுடி!"