வோட்கா ஊத்தின ரசம்

ரெண்டாவது உலகச் சண்டைக்கு முந்தி, இலங்கையில பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒண்ணுல, துரை பங்களா குசினியில நான் வேலை செஞ்சேன். எழுத்து எனக்கு அவ்வளவா வராது. ஆனா என் கைப்பக்குவத்தை ஒருத்தரும் குறை சொன்னதில்ல, அங்க சமையல்காரரா இருந்த கோக்கியைத் தவிர. அவருக்கு நான் குசினியில நிக்கிறதே கண்ணுல விழுந்த தூசி மாதிரி.

ஒரு மார்கழி சாயங்காலம் துரையோட சிநேகிதர் கொழும்புல இருந்து வந்தாரு. வந்ததுல இருந்து தும்மல். கையில தண்ணி மாதிரி ஒரு போத்தல். ரஷ்யாக்காரன் சாராயமாம், பேரு வோட்காவாம், வாசமே கிடையாதாம். சீமையில பெரிய ஓட்டல்கள்ல அதைத் தக்காளிச் சாறுல ஊத்திக் குடிக்கிறதுதான் புதுப் பழக்கமாம்.

கோக்கி வந்து சொன்னாரு: “தக்காளிச் சாறு, மிளகு, உப்பு, எலுமிச்சம்புளி. செஞ்சு வை, நான் மேசை விரிக்கப் போறேன். பிசகுச்சுன்னா நாளைக்கு விடிய நீ பெரட்டுக்குப் போய்க் கூலி ஆளுங்களோட வரிசையில நில்லு. மலையில கொழுந்து பறிக்கலாம்.”

எனக்கு அப்ப ஏழு மாசம். கூடையோட அந்தச் சரிவுல ஏற முடியாது.

தக்காளி, மிளகு, உப்பு, புளி. இதுக்கு நம்ம சனத்துக்கிட்ட ஒரே பேருதான். அடுப்புல வைக்காதேன்னு யாரும் சொல்லல. தும்முற மனுசனுக்கு, அந்தப் பனியில, பச்சையாவா குடுப்பாங்க? பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு, நுரை கட்டினதும் இறக்கி, துரைசாணியோட வெண்ணெயில கடுகு தாளிச்சேன்.

கோக்கி வந்து பார்த்தாரு. உள்ள மணி அடிச்சிட்டாங்க, வேற செய்ய நேரமில்ல.

“அடியே, கிளாஸ் சுடுது.”

“துணி சுத்திக் கொண்டு போங்க.”

“கடுகு வேற மிதக்குது.”

“பின்ன, முங்கியா கிடக்கும்?”

கதவுக்குப் பின்னால நின்னு பார்த்தேன். அந்தச் சிநேகிதர் போத்தலைச் சாய்ச்சு ஊத்திக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சாரு. இருமல். கண்ணு, மூக்கு எல்லாம் ஒழுகுது. துரை பாதி எழும்பிட்டாரு. என் வயித்துல பிள்ளை ஒரு உதை விட்டுச்சு.

அவரு மூக்கைத் துடைச்சாரு. நல்லா மூச்சு இழுத்துப் பார்த்தாரு. இன்னொரு கிளாஸ் கேட்டாரு. போத்தல் மட்டும் வேணாமாம். அதைத் துரை தனியா குடிச்சு முடிச்சாரு.

கோக்கி காலி கிளாஸோட திரும்பி வந்தாரு.

“யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன்.”

“சொல்லிக்குங்க.”

“நாளைக்கும் வேணுமாம்.”

“செய்ங்க.”

“தங்கச்சி, பூண்டு எத்தனை பல்லு?”

“முதல்ல அம்மிகிட்ட உக்காருங்கண்ணே, மிளகைத் தட்டுங்க”ன்னேன்.

பிள்ளை பொறக்குற வரைக்கும் நான் அந்த அம்மிப் பக்கமே போகல.